பச்சை அலமாரிக்குப் பின்னால் நீலச் சுவர்

பொன்னாயி அப்பாவுக்கு,

ரொட்டி சட்டியில மூடி இருக்கு, தேங்காச் சம்பல் பக்கத்துல. தரை பூசக் கொத்தனார் வருவாரு; மணல் மாதிரி மஞ்சளா பூசச் சொல்லுங்க.

சுவருக்கும் பச்சைதான்னு நேத்து பிடிவாதம் பிடிச்சீங்க. பேக்டரிக்குள்ளயே கிடக்கிற உங்களுக்குப் பச்சை ஆசையா இருக்கும். பொழுதுக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற எனக்கு வீட்டுலயாவது வேற நிறம் வேணாமா? அதான், நீங்க ஷிப்டு முடிச்சு வர்றதுக்குள்ள சுண்ணாம்புல நீலம் கலந்து நானே அடிச்சிட்டேன். பனிமூட்டத்துல காய நேரமாகும், சாஞ்சிடாதீங்க. உங்க அலமாரி பச்சையாவே இருக்கட்டும்.

ஆண்டாயி

சொல்ல மறந்துட்டேன். சிலோன்லருந்து நாம வந்த கப்பல்ல நீங்க குமட்டலோட சுருண்டு படுத்திருந்தப்ப, நீலத்துக்கு நடுவுல, மஞ்ச மணலுக்கு மேல பச்சையா கரை தெரிஞ்சுச்சு. எழுப்பினேன், நீங்க எழும்பல. சுவரு காஞ்சதும் வாசல்ல நின்னு அலமாரியைப் பாருங்க. அந்தக் கரை அப்படியேதான் இருந்துச்சு.