பல் பதிந்த கிட்டார்

லாரல் ஃபோர்க், கென்டக்கி
ஏப்ரல் 22, 1979

அன்புத் தம்பி வெர்லினுக்கு அக்கா ஓபல் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று அம்மா நம் இருவருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதனால் எழுதிவிட்டேன். உண்மை கீழே வரும். நீ நாஷ்வில்லில் நலமாகத்தான் இருக்கிறாய், போன சனிக்கிழமை டெலிவிஷனில் பார்த்தோம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய். கழுத்தில் கட்டியிருந்த அந்தச் சிவப்புத் துணி உனக்கு எடுபடவில்லை.

இங்கே இப்போதுதான் குளிர் விட்டது. வெங்காயம் நட்டாயிற்று. ஓடையில் தண்ணீர் ஏறிக் கோழிக் கூண்டை அடித்துக்கொண்டு போனது, கோழிகள் தப்பித்துவிட்டன. பள்ளிக்கூடச் சமையலறையில் புதிதாக வந்திருக்கும் மேற்பார்வைக்காரி பீன்ஸில் உப்பே போடக் கூடாது என்கிறாள், பிள்ளைகள் தட்டோடு குப்பையில் கொட்டுகிறார்கள். நான் வேலையை விடவில்லை. இப்போது விடவும் முடியாது.

என் வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, இடது கண் போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. நீ கொடுத்துவிட்டுப் போன பன்னிரண்டு கம்பிக் கிட்டாரால்தான் போயிற்று. உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம் என்று உன் மாமா தடுத்துவிட்டார். "மாப்ள மனசு நொந்துபோவான், விடு" என்கிறார். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் நீ வந்தாய் அல்லவா, கல்லறைக்குப் பூ வைக்கும் நாளைத் தவிர வருஷக்கணக்காக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் திடீரென்று ஒரு பழைய கிட்டாரைத் தூக்கிக்கொண்டு. அடுப்படியில் உட்கார்ந்து நீ அதைத் தட்டியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உன் மாமா முகத்தை நான் பார்த்தேன். சுரங்கத்து இயந்திரம் அவர் காதைத் தின்றுவிட்ட பிறகு ஒரு பாட்டை அவர் முழுசாகக் கேட்டு முகம் மலர்ந்தது அன்றைக்குத்தான். நீயும் பார்த்தாய். அதற்காகவே தட்டினாய்.

போன வருஷம் மே மாதக் கடைசி ஞாயிறு, கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எங்கள் மகன் லோனியின் கல்லறை முன்னால் வருஷா வருஷம் பாடும் பாட்டை அவர் எடுத்தார். தன் குரலும் கேட்காமல் கிட்டாரும் கேட்காமல் சுருதி எங்கோ போனது. பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். நீதான் நடுவில் புகுந்து பாடி முடித்து வைத்தாய். அன்றைக்கு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன், ஞாபகம் இருக்கிறதா. அவர் எதற்கு ஏங்குகிறார் என்பதை அப்போதுதான் நீ கண்டுபிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாய்.

"மாமா, இது ரெண்டு கிட்டார் சத்தம் குடுக்கும், லோனிக்கு முன்னாடி நீங்க பாடறது உங்களுக்கே கேக்கும்" என்றாய். ஆறு கம்பிக் கிட்டாரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிக்கொள்ளச் சொன்னாய். அந்த ஆறு கம்பிக் கிட்டார் எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் மேல் விளிம்பில்தான் லோனி முதல் பல் முளைத்தபோது கடித்து வைத்தான். சின்னதாக மூன்று குழி. நீதான் அவனை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாய், நீதான் முதலில் பார்த்துச் சிரித்தாய். மூன்று வயதில் அவன் காய்ச்சலில் போன பிறகு உன் மாமா அந்தக் குழியைத் தொடாமல் ஒரு பாட்டும் ஆரம்பித்தது கிடையாது. காது போன பிறகு தாடையை அந்த இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு மரத்தின் வழியாகக் கேட்பார், வாய் திறந்து பாடும்போது மட்டும் அதுவும் முடியாது. மகனுக்குப் பாடுவதற்காக மகன் கடித்த கிட்டாரையே அவர் கொடுத்தார் என்றால் எவ்வளவு ஏங்கியிருப்பார் என்று யோசித்துப் பார். அவர் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் உன்னோடு கை குலுக்கினார்.

நம் ஊரில் கை குலுக்கிவிட்டால் முடிந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமைச் சந்தையில் நொண்டிக் கழுதையை வாங்கி வந்தவன்கூட மறுநாள் வாய் திறக்க மாட்டான், திறந்தால் அவன்தான் கேவலப்பட்டுப் போவான். அதுவும் உனக்குத் தெரியும்.

நீ போகும்போது அந்தக் கிட்டாரின் சுருதியை இறக்கி, அதன் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை மாட்டிச் சரியான சுருதி மாதிரி காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். சுருதியை இறக்கி வைப்பது தப்பில்லையாம், பழைய பன்னிரண்டு கம்பிக்கு அதுதான் வழக்கமாம், ஏற்றினால் தாங்காதாம். மரப் பட்டறைக்கார எர்செல் சொன்னான். ஆனால் நீ அதைச் சொல்லவில்லை. "பியானோ சுருதிக்கு ஏத்தலாமா?" என்று உன் மாமா கேட்டதற்கு, "கண்ண மூடிட்டு ஏத்துங்க மாமா" என்றாய். என் காதால் கேட்டேன், நான் செவிடு இல்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அவர் அதை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். போதகரின் மனைவி பியானோவில் சுரம் தட்ட, இவர் கம்பியை இறுக்கும் திருகை முறுக்கினார். பழக்கத்தில் தாடையைக் கிட்டாரின் விளிம்பில் வைத்துக்கொண்டு முறுக்கினார். பன்னிரண்டு கம்பி வாசிக்கிறவர்கள் அந்த மெல்லிசான கம்பியை முறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம், முதலில் அறுவது அதுதானாம். ஆறு கம்பியிலேயே ஆயுசைக் கழித்தவருக்கு அது எப்படித் தெரியும்? கம்பி அறுந்து கண்ணில் அடித்தது. அவர் பதறித் திருகை விட்ட கையோடு கம்பிகள் கட்டியிருக்கும் அடிக்கட்டையும் பெயர்ந்து வந்தது. போதகரின் மனைவி இன்னமும் பியானோ பக்கம் போக மாட்டேன் என்கிறாள். லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் கண்ணை எடுத்துவிட்டார்.

அந்தக் கிட்டாரை எர்செலிடம் கொண்டுபோனேன். பெயர்ந்த கட்டையை அவன் திருப்பிப் பார்த்தான். கம்பி இழுப்பைத் தாங்காத, மேஜை நாற்காலி ஒட்டும் பசையை வைத்து யாரோ புதிதாக ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டு தெரியாமலிருக்க மேலே கறுப்பு பூசியிருக்கிறார்கள் என்றான். விரலால் தேய்த்து முகர்ந்தான். "ஓபல் அக்கா, இது ஷூ பாலிஷ்" என்றான்.

வெர்லின், நீ வந்த அன்றைக்கு ராத்திரி என்னிடம் ஷூ பாலிஷ் டப்பா கேட்டாய். உன் காலில் இருந்தது துணியாலான கான்வாஸ் ஷூ. அதைக்கூடக் கவனிக்காமல், தம்பி நாளைக்கு எங்களோடு சர்ச்சுக்கு வரப்போகிறான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அப்பாவின் பழைய டப்பாவைத் தேடிக் கொடுத்தேன். ஞாயிறு காலையில் நீ எழுந்திருக்கவே இல்லை. அந்த டப்பாவைத் துடைத்து அலமாரியில் திரும்ப வைத்ததும் நான்தான். என் வீட்டில் தின்று, என் படுக்கையில் படுத்து, என் கையாலேயே பாலிஷ் வாங்கி என் புருஷனை ஏமாற்றியிருக்கிறாய். எனக்கு நீ தம்பி இல்லை என்று எழுதிப் பார்த்தேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உன் மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. எர்செலின் வாயையும் கட்டி வைத்திருக்கிறேன். தன் தப்பால் நடந்தது என்றே நினைக்கிறார். ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, "மாப்ள ஆறுக்குப் பன்னண்டு குடுத்தான்டி, எவன் குடுப்பான்? நான்தான் ஒடச்சிட்டேன்" என்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் இதே கதை.

போன சனிக்கிழமை நீ டெலிவிஷனில் வருகிறாய் என்று தெரிந்து பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தோம். உன் மடியில் நம் ஆறு கம்பிக் கிட்டாரைப் பார்த்ததும் "அது நம்ம வீட்டுது" என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னார். நிகழ்ச்சி நடத்துகிறவன் கிட்டார் ஏது என்று கேட்டான். நீ நாக்குக் கூசாமல் "எங்க தாத்தா குடுத்தது" என்றாய். நம் தாத்தாவுக்கு விசில் அடிக்கவே வராது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இவர் முகத்தைப் பார்க்காமல் காபியைப் பார்த்தார்கள். இவர் எல்லாருக்கும் இன்னொரு தரம் காபி ஊற்றினார். பிறகு, "டிவில நின்னா யாருக்குமே வாய் கொழறும்" என்றார்.

காமிரா கிட்டாரின் கிட்டே வந்தபோது நான் மேல் விளிம்பைத்தான் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. இழைத்துப் புது வார்னிஷ் அடித்திருக்கிறாயா? இல்லை, விளக்கு வெளிச்சத்தில் எனக்குத்தான் தெரியவில்லையா? விளக்குதான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்காவிட்டால் என்னால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மே கடைசி ஞாயிறு அந்தக் கிட்டாரோடு கல்லறைக்கு வா. ஏமாற்றினேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்காதே, அவர் வாங்க மாட்டார், கை குலுக்கியது குலுக்கியதுதான் என்பார். யாராவது தன்னிடம் கெஞ்சிக் கேட்டால் மட்டும் அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. அதனால் நீ கெஞ்சு. "அந்தப் பன்னண்டு கம்பி இல்லாம என்னால இருக்க முடியல மாமா, ஒடஞ்சிருந்தாலும் பரவால்ல, இத வாங்கிக்கிட்டு அதத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று கேள். மெதுவாகக் கேட்டால் அவர் காதில் விழாது. சத்தம் போட்டுக் கெஞ்ச வேண்டும். பூ வைக்க வந்த சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கேட்கும், கேட்கட்டும். நீ கொடுத்த பொருளை உடைத்துவிட்டதாக அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்பார். அதையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்.

நீ வராவிட்டால் அன்றைக்கு மாலையே பாலிஷ் டப்பாவை அவர் முன்னால் திறந்து வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கண் போனதைத் தாங்கியவர், இதைத் தாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. அது உன் தலையில் விடியும்.

அந்த மூன்று குழியை நீ இழைத்திருந்தால் மறைக்கப் பார்க்காதே. ஒரு கண்ணால் அவர் பார்க்கத் தவறலாம், தாடை வைத்தால் தெரிந்துபோகும். அப்படியானால் கிட்டாரை என்னிடம் கொடுத்துவிட்டு லோனியின் கல்லறையிலேயே போய் உட்கார்ந்துகொள். உன்னிடம் என்ன பேசுவது என்று அங்கே வந்து யோசிக்கிறேன்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உனக்குப் பிடித்த காய்ந்த ஆப்பிள் அடுக்குக் கேக் செய்கிறேன். உன் மாமா செய்யச் சொல்லிவிட்டார். இப்போதுதான் அறைக்குள் வந்தார், யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், உனக்கு என்று சொன்னேன். நலம் விசாரித்ததாக எழுதச் சொன்னார். பிறகு கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "கம்பி மாத்தும்போது மூஞ்சியத் தள்ளி வெச்சுக்கச் சொல்லு அவன. ஆறு கம்பியா இருந்தாலும் சரி. மறக்காம எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். இரண்டு கண்ணும் குறையில்லாமல் நீ நெடுநாள் இரு.

உன் அக்கா,
ஓபல்