இரவல் திரைச்சீலை

கல்லூரியின் கொம்பியூட்டர் அறை ஜன்னலில் இன்று ஒரு திரைச்சீலை தொங்குகிறது. பச்சை நிறம், ஓரத்தில் மஞ்சள் பூ. நாச்சியா ராத்தாவின் அலுமாரியிலிருந்து கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் மட்டும் வெளியே வருகிற சீலை. காற்று அடிக்கும்போதெல்லாம் பூச்சி உருண்டை மணக்கிறது. அந்த மணம் வந்ததும், மச்சி, நீ பின்னால் வந்து நிற்கிறாய் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். வெறும் கதிரைதான் இருந்தது. அதில் நானே உட்கார்ந்துகொண்டேன். முழங்கால் இரண்டும் முன்னைப் போல இல்லை.

உன்னை அடக்கிய கப்ரடிக்கு வந்து நின்று பேச எங்கள் பெண்களுக்கு வழக்கமில்லை. அதனால் இங்கேயே இருந்து உனக்கு ஸலாம் சொல்லி எழுதுகிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கையெழுத்துத்தான். நீ இருந்தால் பிழைக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வாசிப்பாய்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய கூட்டத்தில் நீயும் ஒருத்தி. கஞ்சி காய்ச்ச ஒரு சட்டி இரவல் கேட்டு எங்கள் வாசலில் நின்றாய். உடுத்த உடுப்பைத் தவிர உன்னிடம் வேறொன்றும் இல்லை. சட்டியைத் திருப்பிக் கொண்டு வந்தபோது அதற்குள் கழுவி உருவிய முருங்கைக் கீரை இருந்தது. எங்கள் உம்மா சட்டியைப் பார்த்தா, உன்னைப் பார்த்தா. "இது குடும்பத்துப் புள்ள" என்றா. பிறகு நீ என் கூடப்பிறந்த நானாவைக் கட்டி எனக்கு மச்சியானாய். இனி மரியாதையாய்க் கூப்பிடு என்று உம்மா எத்தனை தரம் சொல்லியும் என் வாயில் 'நீ' என்றுதான் வந்தது. இப்போதும் அப்படித்தான் வருகிறது, மாப்புத் தா.

கீரை வைத்தது ஏன் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "இரவல் வாங்கினத வெறுமையாத் திருப்பினா அடுத்த முற கேக்க வாய் வராது மச்சி" என்றாய். நீ வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறாய் என்று உனக்கு அப்போதே தெரிந்திருந்ததோ என்னவோ.

ஊர்ப் பெண்கள் அரபுக் கல்லூரியில் நீ காரியாலய வேலைக்கு வந்தாய். நான் நிர்வாகக் குழுவில் பெண்களுக்காகக் கதைக்க வைத்த ஆள். ஓதிப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டரும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நீதான். புத்தளம் டவுனுக்குப் பஸ்ஸில் அனுப்பச் சொன்னால் வாப்பாமார் மறுப்பார்கள். பாடமே கல்லூரிக்குள் வந்துவிட்டால் மறுக்க அவர்களுக்கு வழி இருக்காது. உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மெஷின் பழுதாகும், உப்புக் காற்றுக்கு இன்னும் கெதியாகப் பழுதாகும். டீச்சருக்குச் சம்பளம் வேண்டும். கல்லூரிகளுக்குத் தொழில்நுட்பத்துக்கென்று யார் நிதி வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதே உன் வேலையாகிப் போனது.

இருந்தவற்றில் நல்ல மெஷின் முன்னால் நீ உட்கார்ந்திருப்பாய். நான் பக்கத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருப்பேன்.

"மச்சி, இந்த வருஷம் அகதிக்குக் காசு இல்ல. சுனாமிக்கும் முடிஞ்சி போச்சி. இப்ப காலநிலைக்குத்தான் இரிக்கி" என்பாய்.

"எங்களுக்கு என்ன கஷ்டம் எண்டு நாங்க சொல்ல ஏலாதா?"

"சொல்லலாம். அவங்க வச்சிரிக்கிற பெட்டிக்குள்ள அது அடங்கணும்."

"கொம்பியூட்டருக்கும் கடல் ஏறுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதத்தான் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கிட்டு இரிக்கன். நீ துஆவக் கேளு."

நான் துஆ கேட்பேன். நீ எழுதுவாய். பெரும்பாலும் பதிலே வராது. 'வருந்துகிறோம்' என்று வந்தால்கூட, "பாவம், மதிச்சி பதில் போட்டிரிக்காங்க" என்று நீ சந்தோஷப்பட்ட நாட்கள் உண்டு.

ஒரு தரம் ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அறையைக் கூட்டி வைக்கச் சொன்னாய், அவ்வளவுதான். ஆனால் விருந்தாளி வருகிறார்களாம் என்ற கதை ஊருக்குள் போய்விட்டது. கல்யாண வீட்டுக்குச் செய்கிற மாதிரி ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் நாச்சியா ராத்தா, இந்தத் திரைச்சீலையோடு. அடுத்து கம்பளம், நல்ல கதிரைகள். கண்டக்குழியில் உல்லாச விடுதிகளில் வேலை செய்கிற பொடியன்மார் முதலாளியிடம் கேட்டு, கொம்பியூட்டர்களைப் படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அஸர் தொழுகைக்கு முன் மேசையெல்லாம் நிறைந்துவிட்டது. விருந்தாளிக்கு வெறும் மேசையைக் காட்ட எங்கள் ஊருக்கு மனம் வராது.

நீ வாசலில் நின்று பார்த்தாய்.

"மச்சி, நாங்க இல்ல எண்டு சொல்லித்தானே கேட்டம்."

"அப்ப திருப்பி அனுப்புவமா?"

நாச்சியா ராத்தா முக்காலியில் ஏறி, வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு சீலையைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தா. நீ மெதுவாகச் சொன்னாய். "அவட முகத்தப் பாரு. எப்படி அனுப்புற?"

மறுநாள் வந்தவர் கொழும்புக்காரர், வயதானவர், நல்ல மனிதர். நீ ஒன்றையும் மறைக்கவில்லை. "சேர், இதெல்லாம் இரவல். நாளைக்கு எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிரும்" என்று நேராகவே சொன்னாய். அவர் சிரித்துக்கொண்டார். சஹன் தட்டைச் சுற்றி எங்கள் ஆண்களோடு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார், வட்டிலப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு பதில் வந்தது. இவ்வளவு மனதோடு இரவல் கொடுக்கிற ஊர் இந்தப் பாடத்தைத் தானாகவே நடத்திக்கொள்ளும், இதைவிடத் தேவையுள்ள இடங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது.

குழுத் தலைவர் ஹாஜியார் உன்னை நிற்க வைத்துச் சொன்னார். "உங்கட வட்டிலப்பம்தான் புரொஜெக்ட்டத் தின்னுட்டு."

நீ தலையைக் குனியவில்லை. "காசு வராட்டி இன்னொரு முற கேக்கலாம் ஹாஜியார். பசியோட போன ஆளக் கூப்பிட்டு மறுபடி சோறு போட ஏலாது."

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உன் குரல் இறங்கியது. "அவர் எழுதினது பொய்யும் இல்ல மச்சி. அதுதான் களைப்பா இரிக்கி."

திரைச்சீலையைத் துவைத்து, மடித்து, மடிப்புக்கு நடுவில் பேரீச்சம்பழப் பொட்டலம் வைத்து நீயே கொண்டு போய்க் கொடுத்தாய்.

நீ மௌத்தாகிப் போன பிறகு தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு இங்கிலீசு தெரியாது. நாச்சியா ராத்தாவின் மகள் வாசித்துச் சொல்வாள், நான் சொல்வதைத் தட்டுவாள். அவளுக்குப் பாடம் இன்னும் பாதி இருக்கிறது. ஒரு நாள் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமி, இது கிடைக்காட்டி கொம்பியூட்டர் கிளாஸ மூடுறாங்களாம், மெய்யா?"

"அல்லாஹ் லேசாக்குவான்" என்றேன். மூடுவதென்று குழுவில் முடிவெடுத்தாயிற்று என்பதை அவளிடம் சொல்லவில்லை.

எழுதிக் கேட்ட ஓர் இடத்திலிருந்து, மறுபடியும் ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்று அறிவித்தார்கள். ஹாஜியார் கூட்டத்தில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்த முற ஒரு கதிரையும் வெளியில இருந்து வரப்படாது. அடுப்பும் பத்தப்படாது. இல்லாதது இல்லாத மாதிரியே தெரியட்டும்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தட்டிக்கொண்டிருந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு நானும் சரி என்றேன்.

நாச்சியா ராத்தா முன்னைப் போலவே சீலையோடு வந்தா. வாசல் படலையிலேயே மறித்தேன்.

"இந்த முற வேணாம் ராத்தா."

"ஏன், கிழிஞ்சி போச்செண்டு நெனச்சியா?"

"இல்ல. வாறவங்களுக்கு எங்கட குறை தெரியணுமாம்."

"அப்ப நாங்க தாறது உங்களுக்குக் குறையா?"

சீலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டா. அன்றைக்குப் பிறகு ஸலாம் சொன்னால் பதில் சொல்வா. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

வந்தது ஒரு இளம் பெண், மகள் வயது. வெறும் மேசைகளைப் பார்த்தாள், ஓடாத மெஷினைத் தட்டிப் பார்த்தாள், படம் எடுத்தாள். "தேவை நல்லாத் தெரியுது ஆன்ட்டி" என்றாள். நல்ல பிள்ளை, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். நடுப்பகல், லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம். குசினி அடுப்பில் புகை இல்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். வேனில் ஏறக் கால் வைத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, பக்கத்துல சாப்பாட்டுக் கடை எங்க இருக்கு? காலையில ஒரு துண்டு பாண் சாப்பிட்டதுதான்."

என் வாசலில் வைத்துக் கேட்டாள் மச்சி. எங்கள் ஊரில், லுஹர் நேரத்தில், ஒரு விருந்தாளி சோற்றுக் கடைக்கு வழி கேட்டாள்.

என் வீடு கல்லூரி மதிலுக்குப் பின்னால்தான். கூப்பிட்டிருக்கலாம். ஹாஜியார் பக்கத்தில் நின்றார். ராத்தாவின் மகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டி, "நேராப் போங்க மகள், சந்தியில ஒண்டு இரிக்கி" என்றேன். வேன் போன தூசு அடங்கும்வரை அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.

நேற்று ஹாஜியார் போன் பண்ணினார். கிடைத்துவிட்டதாம். "பாத்தீங்களா, அடுப்பு பத்தாததுதான் பரக்கத்" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். ராத்தாவின் மகள் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் படித்து முடிப்பாள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் போன பிறகு தொழுகைப் பாயில் சுஜூதில் தலை வைத்தேன். எழும்ப உடம்பு கேட்கவில்லை.

இன்று காலையில் நாச்சியா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா.

"ராத்தா, அந்தத் திரைச்சீல ஒருக்கா வேணும்."

"புரொஜெக்ட் வந்த ஆக்களுக்கு இரவலும் வேணுமா?"

"வேணும். மெஷின் கொண்டு வாற ஆக்கள் வருவாங்க. ஜன்னல் வெறுமையா இரிக்கி."

கருவாட்டை ஒரு பக்கம் முழுக்கப் புரட்டி முடித்தா. நான் வெயிலில் நின்றேன். கேட்டுவிட்டுக் காத்து நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத்தான் தெரியும்.

"பூச்சி உருண்ட மணக்கும்" என்றா கடைசியில்.

"மணக்கட்டும்."

கையைக் கழுவிவிட்டுத் தானே வந்து, வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு தொங்கவிட்டுப் போனா. "மகள் ஒங்கிட்டப் படிச்ச மாதிரி ஒண்டும் தெரியல, நீதான் அவகிட்டப் படிக்கிற போல" என்று போகிற போக்கில் ஒரு குத்தும் குத்தினா. அது விழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மெஷின்கள் வரும் நாளில் அடுப்பு பத்தும். ஹாஜியார் என்ன சொன்னாலும் பத்தும். பெட்டி சுமந்து வருகிறவர்கள் சஹனில் உட்காராமல் போகப் போவதில்லை. இந்த நிதியும் ஒரு வருடத்துக்குத்தான். அது முடிய, எங்களுக்கு அடுத்தது என்ன துன்பம் என்று நாங்கள் மறுபடி தேடிப் பார்க்க வேண்டும். தேடுவோம்.

திரைச்சீலையைத் திருப்பும்போது நடுவில் பேரீச்சம்பழம் வைத்து மடிப்பேன், உன்னைப் போல. ராத்தாவுக்கு அதில் சரியாகிவிடும். பசியோடு கடை தேடிப் போன அந்தப் பிள்ளைக்கு எதில் வைத்து மடிப்பது? பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் நின்று நீ இழுத்துச் சொல்வாயே, "தின்னுட்டுப் போங்களே" என்று. புரபோசல் எழுதுகிற வித்தை எனக்கு வரவில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பேச்சுத்தான். அன்றைக்கு அது என் வாய் வரைக்கும் வந்தது மச்சி. விழுங்கினேன். இன்னும் இறங்கவில்லை.