ஏலக்காய்க் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு காலி இடம்

மாப்ள,

போன வாரம் உன் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். இத்தனை வருசத்துக்குப் பிறகும் உள்ளேயிருந்து ஏலக்காய் வாசம் வந்தது. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கழித்துப்போட்ட நான்கு கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றி வந்தோமே, நினைவிருக்கிறதா? ஊதி ஊதித் தூசி தட்டினோம். பாதி தூசி, பாதி ஏலக்காய்த் தொலி. சின்னமனூரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சென்டர் திறக்க நாள் குறித்தாகிவிட்டது. புது விண்டோஸ் அதில் நகரவே மாட்டேன் என்றது. நான் தலையில் கை வைத்தேன். நீ பத்திரிகையோடு வந்த லினக்ஸ் சிடியை எடுத்து வந்தாய்.

அதுவும் லேசில் ஏறவில்லை. ரேம் பத்தாது என்று பாதியிலேயே நின்றது. அப்போதுதான் உனக்கு அந்தக் கிறுக்கு யோசனை வந்தது. மற்ற மூன்றின் ரேமையும் பிடுங்கி ஒன்றில் செருகினாய். அதிலேயே ஒவ்வொரு ஹார்டு டிஸ்காக மாட்டி லினக்ஸை ஏற்றினாய். ஏறி முடிந்ததும் டிஸ்கும் ரேமும் அதனதன் பெட்டிக்குத் திரும்பின. ஏற்றுவதற்குத்தான் நிறைய வேண்டும், ஓடுவதற்குக் கொஞ்சம் போதும் என்றாய். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஆனாலும் நான்கும் ஓடின.

‘பழையதை அழிக்கவா?’ என்று திரை கேட்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்வாய். “ஏலே, பொறு. முன்னாடி இதுல யாரு இருந்தாகன்னு பாத்துட்டு அழி.” அந்தக் கடைக்காரர் யாரோ ஒரு வியாபாரிக்கு எழுதிய கடிதத்தைக்கூட ஒரு ஃபிளாப்பியில் எடுத்துவைத்த ஆள் நீ.

இரண்டு வருசம் கழித்து நாம் சண்டை போட்டோம். லினக்ஸ் படித்தால் யார் வேலை கொடுப்பாக என்று பெற்றவர்கள் கேட்டார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள். புதுசாக வாங்குவோம் என்றேன், நீ மாட்டேன் என்றாய். இந்தக் குப்பையைக் கட்டிக்கொண்டு நீயே அழு என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். போகிற போக்கில் உன் கம்ப்யூட்டரைத் திறந்து, நான் வாங்கிப் போட்டிருந்த ரேமைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ மூடியை எடுத்துத் திருப்பி மாட்டினாய். அதற்கு நீ என்னை அறைந்திருக்கலாம்.

தேனியில் ரிப்பேர் கடை போட்டேன். அந்த ரேம் எனக்கு எதற்கும் உதவவில்லை. கம்பம் பக்கம் போகும்போதெல்லாம், இன்றைக்குக் கொடுத்துவிடுவோம் என்று பையில் போட்டுக்கொள்வேன். சின்னமனூரில் பஸ் நிற்கும். இறங்க மாட்டேன். என்ன வீம்பு மாப்ள அது, எவனுக்காக? ஒன்பது வருசம் இப்படியே போனது. பிறகு உனக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது, அதற்கடுத்த போனும் வந்தது.

போன வாரம் தங்கச்சி, உன் சம்சாரம்தான், கூப்பிட்டு, உன் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துப் புதுசாக ஏற்றிக் கொடுங்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றது. மூடியைத் திறந்தால் நான் பிடுங்கிய இடம் காலியாகவே கிடந்தது. ஒரு ரேம் வாங்கிப் போட உனக்கு முடியாதா?

தங்கச்சிதான் சொன்னது. “ரொம்ப மெதுவா ஓடுதுன்னு அலுத்துக்குவாக அண்ணே. வேற ஒண்ணு வாங்கி மாட்டுங்களேன்னா, அவனே கொண்டாந்து மாட்டுவான், இருன்னுவாக.”

நீ சொல்லிக்கொடுத்தபடி, அழிப்பதற்கு முன்னால் யார் இருந்தாகன்னு பார்த்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்த பாஸ்வேர்டே இருந்தது. டிஸ்கில் இடம் நெருக்கடி. உன் ஃபோல்டரில் பெரும்பாலும் நீயே அழித்திருந்தாய். என் பேரில் இருந்த ஃபோல்டரில் ஒரு பாடக்குறிப்புகூடக் குறையவில்லை.

பையில் இருந்ததை எடுத்து அதன் இடத்தில் செருகினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் முப்பத்திரண்டில் நின்றுவிடும் ரேம் எண் அறுபத்து நான்கு வரை ஏறியது. திரும்பி உன்னிடம் காட்டப் பார்த்தேன். தங்கச்சி காபி ஆற்றிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு என் கடையிலிருந்து வேறொன்றைக் கொடுத்துவிட்டேன். உன்னுடையதை அங்கனயே, அது இருந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது பை காலி, மாப்ள. சின்னமனூரில் பஸ் நின்றால் கை மட்டும் பைக்குப் போகிறது.