ஒரு ஆளுக்குச் சீசன் கட்டுபடியாகாது

அண்ணே,

இன்று காலை திருச்சுழி ஸ்டேஷன் கவுன்ட்டரில், சீசனைப் புதுப்பிக்கலாம் என்று உன் பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். உள்ளே இருந்த சீசன் டிக்கெட் அட்டையை உருவி எடுத்த பெண் அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டார். "என்ன சார், மொளகா வத்தல் நெடி இப்படி அடிக்கிது?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீங்கதானா?"

"இந்தா வாரேன்மா" என்று அட்டையை வாங்கிக்கொண்டு வரிசையிலிருந்து விலகிவிட்டேன். பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, கல்லூரித் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. குடோனுக்குப் போட்டுப் போகும் உன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்தது என்று மதினி நேற்றுத்தான் இந்த உறையை என்னிடம் கொடுத்தாள். சீசனை விட்டபிறகும் பஸ்ஸுக்குச் சில்லறை போட்டு வைக்க நீ இதைத்தான் வைத்திருந்தாயாம்.

இரண்டு பேருக்கும் ஒரே சீசன் என்ற கணக்கு உன் மூளையில் உதித்தது. விருதுநகர் கல்லூரியில் எனக்கு வாரம் மூன்று நாள் வகுப்பு, கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் மட்டும் பெரிது. உனக்கு அதே ஊரில் வத்தல் குடோனில் மூன்று நாள் மூட்டை தூக்கும் வேலை. சாயங்கால வண்டி நமக்குத் தோதுப்படாது, திரும்புவது பஸ்ஸில்தான். இதே பெஞ்சில் உட்கார்ந்து நீ விரல் மடக்கிச் சொன்னாய்: "காலையில ஒரு தடவ, அதுவும் மூணே நாளு. ஒரு ஆளுக்குச் சீசன் கட்டுபடியாகாதுப்பா. ரெண்டு ஆளுன்னா கட்டும்." திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி உனக்கு.

அது தப்பு என்று இருவருக்கும் தெரியும். கல்லூரியில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவன் நான், எனக்கு நன்றாகவே தெரியும். அட்டைக்குப் படம் வேண்டும் என்றார்கள். என்னிடம் இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்ததில் மிச்சம் என்று உன் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டினாய். நமக்குள் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் அப்பாவின் அதே மூக்கு, அதே நெற்றி. "பேரு உன்னுது, மொகம் என்னுது. எவன் கேப்பான்?" என்று சிரித்தாய். வீட்டில் காலண்டர் ஆணியில் அட்டை தொங்கும். அவரவர் நாளில் அவரவர் எடுத்துப் போனோம். உன் நாளுக்கு மறுநாள் எடுத்தால் எனக்கும் தும்மல் வரும்.

வண்டியில் நீ ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் இருமுவார்கள் என்று கதவோரமாகவே நின்று போவாயாம்.

அந்த வியாழக்கிழமை எனக்குத் தேர்வு மேற்பார்வை போட்டிருந்தார்கள். உன் நாள் அது. நான் தனி டிக்கெட் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஷேர் ஆட்டோ தாமதமாக வந்தது, நான் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. டிக்கெட் எடுக்காமல் ஓடி ஏறினேன். ஏறிய பெட்டியில் மானாமதுரையிலிருந்து வரும் எங்கள் துறைத்தலைவர். "வாங்க சார், இங்க இடமிருக்கு" என்று கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். அந்த வருடம் நிரந்தர வேலைக்கு அவர் சொல்தான் எடுபடும் என்று எல்லோரும் பேசிக்கொண்ட நேரம்.

பரிசோதகர் வந்தார். நான் சட்டைப்பை, பேன்ட்டுப்பை, தோள்பை எல்லாவற்றையும் தடவினேன். இல்லாததைத் தேடுவதுபோல் நடித்தேன் என்பதுதான் சரி. அப்போது கதவோரத்திலிருந்து நீ வந்தாய். கைலி, தோளில் சிவப்பேறிய துண்டு.

"சார், ஒங்க சீசன கீழ விட்டுட்டு வந்துட்டீக" என்று அட்டையை என் கையில் வைத்தாய்.

தம்பியை சார் என்றாய். பரிசோதகர் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். அதில் இருந்தது உன் முகம். பிறகு உன் பக்கம் திரும்பி, "ஒன் டிக்கெட் எங்க?" என்றார்.

"இல்லைங்க."

துறைத்தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தும்மினார். "யாரு சார் அவரு? ஒங்க சாடை அப்படியே இருக்கே" என்றார்.

நான் சொன்னேன்: "எங்க ஊர்க்காரர் சார்."

நீ ஒரு எட்டு தூரத்தில் நின்றாய். காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. அருப்புக்கோட்டையில் வண்டி நின்றதும் பரிசோதகரோடு இறங்கினாய். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, போ போ என்று கையைக் காட்டினாய். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அறுந்திருக்கவில்லை அது.

உண்மையைச் சொன்னால் அட்டை விஷயம் வெளியே வந்து இருவருமே மாட்டுவோம், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். சீசனைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. உன் கைலியும் நெடியும் எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். நீ மூட்டை தூக்கித்தான் நான் படித்தேன். அந்த நெடியை நான் மறைத்தேன்.

சாயங்காலம் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "அண்ணே, காலையில நான்..." என்று ஆரம்பித்தேன்.

"விடுப்பா. நான் ஊர்க்காரந்தான? பொய்யா சொன்ன?" என்றாய். கோபம் இல்லை உன் குரலில். ஒரு வாய் சோறு தின்றுவிட்டு, "பாவம், அந்த சாரு தும்மிக்கிட்டே இருந்தாரு. அதான் வெரசா எறங்கிட்டேன்" என்றாய்.

நீ திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த மாதத்தோடு சீசனை விட்டோம். வண்டி நேரம் ஒத்துவரவில்லை என்று மதினியிடம் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போக ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு நாம் இருவரும் ஒரே வண்டியில் போகவே இல்லை. அந்த நிரந்தர வேலையும் வரவில்லை. வந்திருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும். நீ குடோனில் மூட்டையோடு சரிந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். போன் வந்தபோது, "யாரு சார்?" என்று மாணவர்கள் கேட்டார்கள். "வீட்டுலருந்து" என்றேன். அன்றும் அண்ணன் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

இதுவரை பெஞ்சில் எழுதினேன். இனி எழுதுவது ஓடும் வண்டியில்.

மறுபடி வரிசையில் நின்றேன். பின்னால் ஐந்தாறு பேர் இருந்தார்கள். உறையை வைத்து, "இது நான் இல்லைம்மா. எங்க அண்ணன். வத்தல் குடோன்ல மூட்டை தூக்குனாரு" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அந்தப் பெண் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "அப்பிடின்னா அவுகளக் கூட்டிட்டு வாங்க சார். அவுக பேருக்கே போட்டுத் தாரேன்" என்றார்.

"அவுக இல்லைம்மா."

அவர் அட்டையை உறைக்குள் செருகி என் பக்கம் நகர்த்தினார். "அப்ப ஒங்க பேருக்குப் புதுசா ஒரு சீசன் போடவா?" என்றார்.

"வேண்டாம்மா. ஒரு ஆளுக்குக் கட்டுபடியாகாது. விருதுநகர் ஒண்ணு குடுங்க."

டிக்கெட்டை உன் படத்துக்குப் பின்னால் செருகி உறையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உட்கார இடம் இருக்கிறது, அண்ணே. நான் கதவோரம் நிற்கிறேன்.