கோலுக்குப் பின்னால் உங்கள் இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

சியோரி எழுதுகிறேன். அங்கே பனி விழத் தொடங்கியிருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது? நாகோயாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஆட்களோடு மதுக்கடைக்குப் போனேன். ஜப்பான் கால்பந்து அணிக்கு இனி யார் கோல் போடுவார்கள் என்று ஒரே சண்டை. நம் ஊர் கிளப்பின் குவாபதா பெயரைச் சொன்னேன். சவாமுரா அண்ணன் சிரித்தார்.

"அவன்தான் ஜெர்மனிக்குக் கெளம்பிட்டானேம்மா. இனி உங்க டீம் நேரா ரெண்டாம் டிவிஷன்தான்."

"போகட்டுமே. எங்கப்பா அங்கயும் வந்து கத்துவாரு."

டி.வி.யில் நம் ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கோலுக்குப் பின்னால் நிற்கும் நம் ரசிகர்களைக் காட்டினார்கள்.

"இதுல உங்கப்பா யாரு?"

மேளம் அடிக்கும் இஷிகுரோ மாமா இருந்தார். பக்கத்தில் உங்கள் இடம் காலியாக இருந்தது.

"டீ வாங்கப் போயிருப்பாரு," என்று நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் மாமாவுக்குப் போன் செய்தேன். முழங்கால் வலியால் படியேற முடியாமல், கோடையிலிருந்தே நீங்கள் வருவதில்லையாம். ஆனால் வாராவாரம் மைதானத்தில் நின்று பார்த்தது போலத்தானே எனக்குச் சொன்னீர்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது வரை.

கோபமில்லை அப்பா. டாக்டரைப் பாருங்கள். உங்கள் கிளப் மஃப்ளரை எனக்கு அனுப்புங்கள், துவைக்க வேண்டாம்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. வரும் ஞாயிறு ஆட்டம் தொடங்கும்போது போன் செய்கிறேன், முடியும்வரை வைக்காதீர்கள். தோற்கத்தான் போகிறார்கள். அதை இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம்.

சியோரி