முதல் காளாஞ்சி என்னுடையது, ராஜி

என் செல்லத் தங்கச்சி, எங்கள் வீட்டு இளவரசி ராஜிக்கு,

நீ போனபின் வரும் முதல் திருவிழா இது. அடுத்த கிழமை கொடியேற்றம். முதல் காளாஞ்சியை இந்த முறை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டுக் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்து போனார்.

வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த ஒரு சின்னத் தட்டு. பூசை முடிந்ததும் ஐயர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சபைக்கு முன்னால் கையில் தருவார். அதற்காக நான் உன்மேல் எவ்வளவு காலம் பொறாமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். இப்போதும் படுகிறேன். நீ இல்லை என்பதற்காக என் வழக்கு முடிந்துவிடுமா?

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். போர்த்துக்கேயப் பறங்கியர் எங்கள் ஊருக்கு வந்தபோது சிதறிய அரச வம்சத்தின் ஒரு கிளை நாங்கள் என்பது வீட்டுக் கதை. அரண்மனை இல்லை, காணி இல்லை. மிஞ்சியிருந்தது ஊர்க் கோயிலில் கிடைக்கும் அந்த முதல் தட்டு மட்டும். அப்பப்பா இருந்தவரைக்கும் அது அவருக்கு. அப்பா சந்தியில் சாமான் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் பின்னறையில் பிறந்தவன் நான்.

நோர்வேக்கு முதலில் வந்ததும் நான். வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டினேன். கை விறைத்துச் சோற்றைப் பிசைய முடியாத பனி மாரிகள் அவை. எட்டாம் வகுப்போடு நின்ற நான், அகராதியை வைத்துக்கொண்டு இந்த நாட்டு மொழியை நானாகவே படித்தேன். பிறகு தலைநகருக்கு வந்து, ரொம்சோஸில் வீடு எடுத்து அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டேன். அவர்கள் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அப்பப்பா காலமானார். இனி நீங்கள்தான் என்று சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னார்கள். நாலாம் மாடியில், துவாய்கள் காய்ந்துகொண்டிருந்த கூடத்தில் நின்று அப்பா அரசரானார். அதற்கு அடுத்த வருடம் நீ பிறந்தாய். நாற்பதைத் தாண்டிய அம்மா, மாரி மேலங்கிக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இங்கே கோயில் தொடங்கியபோது அப்பாவின் முழங்கால் பழுதாகியிருந்தது. தனக்குப் பதிலாகத் தன் பிள்ளை வாங்கட்டும் என்றார். புது வேட்டியோடு நான் ஓரடி முன்னே வைத்தேன். அப்பா உன் தோளைப் பிடித்து முன்னே விட்டார். முன்பல் விழுந்த வாயோடு நீ சிரித்துக்கொண்டு தட்டை வாங்கினாய்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நான்தானே அப்பா மூத்தவன்?"

"நீ பிறக்கேக்கை நான் கடைக்காரன். இவள் பிறக்கேக்கை நான் அரசன். ரெண்டும் ஒண்டோ?"

"அம்மா, நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ."

"என்னை ஏன்ரா இழுக்கிறாய்? ரெண்டு பேரையும் நான் ஒரே வயித்திலைதான் சுமந்தனான்."

எந்த அரச குலத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்தது? நூலகத்தில் கிடைத்த வரலாற்றுப் புத்தகங்களையெல்லாம் தேடி வாசித்தேன். எங்கள் பரம்பரையில் மூத்தவனைத் தள்ளிவைக்க இப்படி ஒரு காரணம் எங்கும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். அரசன் சொன்னால் அதுதான் சட்டம் என்றார். இன்றைக்கும் சொல்கிறேன், அவர் செய்தது பிழை.

உன்னை அவர் வளர்த்த விதம். நீ கோப்பை கழுவக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மலைக்குப் போய்த் தங்கக்கூடாது. மே பதினேழு, இந்த நாட்டின் தேசிய நாள் ஊர்வலத்தில் எல்லாப் பிள்ளைகளும் அரண்மனைப் பல்கனியில் நின்ற அரச குடும்பத்தைப் பார்த்துக் கொடி ஆட்ட, அப்பா உன் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவைக்கு நாங்கள் கை காட்டத் தேவையில்லை. தலையை அசைச்சால் காணும்." நீயும் பெரிய மனுசி மாதிரித் தலையை அசைத்தாய். பிறகு கலியாணம் பேசி வந்தவர்களையெல்லாம் வம்சம் போதாது என்று திருப்பி அனுப்பினார். அதற்கு நீ ஒருநாளும் அழவில்லையா? என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த இளவரசி போய் ட்ராம் ஓட்டினாள். அப்பா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, தேர் ஓட்டுவதும் அரச வேலைதான் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். நான் ட்ராம் ஓட்டியிருந்தால் அது தேராகியிருக்குமா?

ஒவ்வொரு திருவிழாவிலும் காளாஞ்சியை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வருவாய். "இந்தாங்கோ அண்ணா, இதைப் பிடியுங்கோ. எனக்கு இதை வச்சு என்ன செய்யிறதெண்டும் தெரியாது." நான் வாங்கவில்லை. உன் கையால் வந்தால் அது உன் தயவு. நான் கேட்டது என் வரிசை.

உனக்கு இரத்தப் புற்று என்று தெரிந்தபோது அப்பாவும் அம்மாவும் இல்லை. மருத்துவர் என் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, முழுதும் பொருந்துகிறது, உங்கள் எலும்பு மச்சையை எடுக்கலாம் என்றார். அப்பா இருந்து அதைக் கேட்டிருக்க வேண்டும். தலைமயிர் இல்லாமல் கட்டிலில் கிடந்துகொண்டு நீ என்ன சொன்னாய்?

"அண்ணா, இனி எனக்குள்ளை ஓடப்போறது கடைக்காரன்ரை பிள்ளையின்ரை ரத்தம். நான் காளாஞ்சிக்கு வந்தால் விடாதேங்கோ."

"அதை நீ எழும்பி வந்து சொல்லு," என்றேன்.

என் மச்சையை ஏற்றியும் நீ எழும்பவில்லை. பனி கரையும் முன் போய்விட்டாய், முப்பத்தாறு வயதில்.

இப்போது குறொன்லாண்ட் மரக்கறிக் கடைக்குப் போனால் யாராவது என்னை நிறுத்துகிறார்கள். பனியில் ஓடிவந்த தனக்காக நீ ட்ராமை நிறுத்தினாய் என்கிறார் ஒரு மனிதர். கண்ணாடிக்குள்ளிருந்து தலையை அசைத்தாய் என்று ஒரு அம்மா அழுகிறார். எனக்குத் தெரியாத ராஜியெல்லாம் அவர்களிடம் இருக்கிறாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்கிறேன். எனக்கு எரிகிறது. என் தங்கச்சியைப் பற்றி எனக்குச் சொல்ல இவர்கள் யார்?

தலைவர் வந்தது இந்த நிலையில்தான்.

"அண்ணை, இந்த முறை நீங்கள்தான் வாங்கோணும். 'காலஞ்சென்ற இளவரசியின்ரை அண்ணன்' எண்டு ஒலிபெருக்கியிலை சொல்லுவம்."

"அப்பிடிச் சொன்னால் நான் வரமாட்டன். மூத்த பிள்ளை எண்டு சொல்லுங்கோ."

"இளையது இல்லாமல் மூத்தது எண்டால் சனத்துக்கு என்ன விளங்கும், அண்ணை?"

 அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் போனபிறகும் அவர் இருந்த கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மூத்தவன் என்று நிற்பதற்கே நீ வேண்டியிருக்கிறாய். இதையும் நீயே எடுத்துக்கொண்டு போய்விட்டாயா, ராஜி?

அடுத்த நாள் காலை அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரெண்டு தட்டு வையுங்கோ. முதல் மூத்த பிள்ளைக்கு. அடுத்தது இளைய பிள்ளைக்கு."

"இல்லாத ஆளுக்குக் காளாஞ்சி குடுக்கிற வழக்கம் இல்லையே அண்ணை."

"தகப்பன் அரசனாகினாப்பிறகு பிறந்ததோ எண்டு பார்த்துக் குடுக்கிற வழக்கமும் இல்லைத்தான். குடுத்தனீங்கள்தானே?"

"சரி அண்ணை. உங்களோடை கதைச்சு வெல்ல ஏலாது."

ஐயர் முதலில் என் பெயரைச் சொல்லுவார். நான் வாங்குவேன். பிறகு உன் பெயரைச் சொல்லுவார். சனம் உனக்காகத்தான் அழும், எனக்காக அல்ல. அதையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். உன் தட்டையும் நானே வாங்குவேன், இரண்டாவதாக. எனக்கு உயிர் இருக்கும்வரை ஒவ்வொரு திருவிழாவிலும் இதுதான் வரிசை. என் பெயருக்குப் பின்னால் உன் பெயர் வராமல் ஒரு வருடமும் போகவிடமாட்டேன். இது சத்தியம்.

உனக்கு மூத்தவன்,
உன் அண்ணன்