அழுக்குப் படாத காது அச்சு

11 ஜனவரி 1999, திங்கள்

மூன்றே மூன்று பேர். காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை உட்கார்ந்து மூன்று பேருக்குத்தான் காது சோதிக்க முடிந்தது. ஒலிபுகா அறை என்று பெயர். அதை ரயில் பாதைக்குப் பக்கத்தில் கட்டிய புண்ணியவான் யாரோ. கூட்ஸ் வண்டி போனால் நாற்காலியே அதிர்கிறது. சுவரில் ரயில் நேரங்களை எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் நிமிடங்களில்தான் மெல்லிய ஒலிகளைக் கேட்கவைத்துச் சோதிக்க முடிகிறது.

மூன்றாவதாக ஜெனிட்டா. நான்கு வயது, திருவிடந்தை. ஆகஸ்டில் மாமல்லபுரம் முகாமில் நான்தான் அவளுக்குக் கருவி மாட்டினேன் – நெஞ்சில் தொங்கும் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர், காதின் அளவுக்கே வார்த்த அச்சு. இன்று கருவியோடு சோதித்தால் பேச்சு அளவுக்கு ஒலி உள்ளே போகிறது. ஆனால் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஒரு சொல் வரவில்லை.

அவள் அம்மா மேரியைக் குறை சொல்ல முடியாது. அச்சு புதிது போல இருந்தது, ஒரு பொட்டு அழுக்கு இல்லை. எங்கள் ஆயா சாரதாம்பாளிடம் காட்டி, "இவளைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்" என்றேன். படிவத்தில் 'தினசரி உபயோகம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

பிறகு என்னதான் கோளாறு? நரம்பா?

13 ஜனவரி

கரண்ட் இல்லை. பேஜாரான நாள்.

18 ஜனவரி, திங்கள்

எங்கள் செவித்திறன் மையத்தின் இயக்குநருக்குக் கட்டுரை வேண்டுமாம். பிப்ரவரி பத்துக்குள் பெங்களூர் மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். முகாமில் கருவி வாங்கிய முப்பத்தொரு குழந்தைகள். அவர்களில் இருபத்திரண்டு பேருக்குப் பேச்சில் முன்னேற்றம் இல்லை. 'கடுமையான செவித்திறன் குறைவில் இவ்வகைக் கருவியால் பயன் குறைவு' என்று முடிவுரை எழுதிவிட்டேன். எழுதும்போதே எரிச்சலாக இருந்தது. இதைச் சொல்லவா இத்தனை வருடம் படித்தேன்?

ஜெனிட்டாவுக்கும் அறிக்கை எழுதினேன். ஜூனில் விடுதியோடு கூடிய காதுகேளாதோர் பள்ளியில் சேர்க்கலாம் என்று. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். மேரியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. சேலை முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அவளுக்கு இருட்டுன்னா பயம் மேடம். கூப்புடவும் தெரியாது. அங்க எப்டி இருப்பா?"

கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு வரும் வயது கொஞ்ச காலம்தான், அது போய்விட்டால் வராது, வீட்டில் நீ பேச்சுக் கொடுப்பதில்லை என்று தெரிகிறது, இப்படி.

27 ஜனவரி, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

விடுதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு மேரி வந்தாள். வந்ததற்குக் கருவியையும் ஒருமுறை பார்ப்போம் என்று பின்மூடியைத் திறந்தேன். பென்சில் செல்லில் நீல மையில் 12/8. என் கையெழுத்து. முகாமன்று புதுச் செல் போடும்போது தேதி எழுதுவது என் பழக்கம். தினமும் போட்டால் அந்தச் செல் இரண்டு வாரம் தாங்காது.

இது ஐந்தரை மாதமாக உயிரோடு இருக்கிறது.

"இத எங்கதான் வச்சிருந்த?"

"பீரோல மேடம். துணிக்குள்ள சுத்தி."

"ஐஞ்சு மாசமாவா?"

"இங்க வர்றப்ப எடுத்து மாட்டுவேன். போனதும் வச்சிடுவேன். நீங்க குட்த்த செல்லும் அப்டியே கீது, ஒண்ணு கூட எடுக்கல."

கத்தினேன். ஆமாம், கத்தினேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. மேரி கேட்டுக்கொண்டே நின்றாள். நான் மூச்சு வாங்கியபோது மெதுவாகச் சொன்னாள்:

"நீங்கதான மேடம் சொன்னீங்க. தண்ணி படக்கூடாது, மண்ணு படக்கூடாது, வேர்வ படக்கூடாது, கெட்டா இன்னொண்ணு குடுக்க மாட்டோம்னு. எங்க வூடு கடலாண்ட கீது. கொயந்த மண்லதான் வெள்ளாடும். எப்டி போட்டு வுடுவேன்?"

சாரதாம்பாள் கழுவிய அச்சுகளைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைக் கூடத் தூக்காமல், "போடாத செருப்பு தேயுமா?" என்றாள்.

28 ஜனவரி

அந்தத் துண்டுத்தாளைத் தேடி எடுத்தேன். முகாமில் தாய்மார்களுக்குக் கொடுத்தது. நான் எழுதியது. அதற்கு முந்தைய முகாமில் நான்கு கருவிகள் கடல்தண்ணீரில் நனைந்து பாழாகிவிட்டன. அந்தக் கோபம் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. எட்டு வரிகள், எட்டும் 'கூடாது'. விழித்திருக்கும் நேரமெல்லாம் குழந்தை இதைப் போட்டிருக்க வேண்டும் – அந்த ஒரு வரி இல்லை. எனக்கு அது சொல்லாமலே தெரியும் என்பதால் அவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேனா?

மேரியிடம் 'தினமும் போடுகிறாயா' என்று நான் கேட்கவும் இல்லை. சுத்தமான அச்சைப் பார்த்தேன், டிக் போட்டேன். இருபது வருடமாகக் காது பார்க்கிறேன். நாள் முழுதும் காதில் கிடக்கும் அச்சில் குறும்பி ஏறாமல் இருக்குமா?

வீட்டில் இவரிடம் சொன்னேன். கல்பாக்கம் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் சாக்ஸ் மாட்டிக்கொண்டே, "உன்கிட்ட சந்தேகம் கேட்க எனக்கே பயம். அந்தப் பொம்பளைங்க கேப்பாங்களா?" என்றார். டிபன் டப்பாவை மேஜையில் டங்கென்று வைத்தேன். அவர் சொன்னது சரிதான் என்பதால்தான்.

6 பிப்ரவரி, சனி

இந்த வாரம் ஒன்பது வீடுகள். திருவிடந்தை, நெம்மேலி, அதற்கு அப்பாலும். ஏழு வீடுகளில் கருவி பத்திரமாக இருக்கிறது. ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால். மேரி வீட்டில் பீரோ கதவின் உட்பக்கம் என் துண்டுத்தாள், நான்கு மூலையிலும் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. அவள் கணவர் ஏசுபாதம் ரிசார்ட்டில் தோட்டவேலை பார்க்கிறார். "நீங்க சொன்னத அட்சரம் தப்பாம செஞ்சிகினுகீறோம் மேடம்" என்றார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அச்சை எடுத்து ஜெனிட்டாவின் காதில் வைத்தேன். இறுக்கமாக உட்காரவில்லை. அச்சு அப்படியே இருக்கிறது, காது வளர்ந்துவிட்டது. கையோடு புது அளவு எடுத்தேன்.

விடுதி விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மேரிக்கு ஒரே வேலை: காலையில் மாட்டு, தூங்கும்போது கழற்று. கெட்டுப் போனால் என்று கேட்டாள்.

"கெட்டா எங்கிட்ட எடுத்துட்டு வா. திட்ட மாட்டேன்."

நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது.

9 பிப்ரவரி

கட்டுரையை அனுப்பவில்லை என்று இயக்குநரிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கருவியைப் போடாத குழந்தைகளை வைத்துக் கருவியால் பயனில்லை என்று எப்படி எழுதுவது? முப்பத்தொரு பேரையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றேன். "உங்க தப்புக்கு மையம் ஏன் தலைகுனியணும்?" என்றார். அதற்கும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அனுப்பவில்லை.

10 மார்ச்

ஜெனிட்டா கருவியைப் பிடுங்கி எறிகிறாளாம். மிக்சி ஓடினால் அலறுகிறாளாம். "முன்னாடி நிம்மதியா இருந்துச்சு மேடம்" என்கிறாள் மேரி. கேட்கத் தொடங்கினால் அப்படித்தான். பொறு என்றேன். யாருக்குச் சொன்னேன்?

22 ஏப்ரல்

உப்பும் வியர்வையும் சேர்ந்து செல் வைக்கும் இடம் பச்சை பூத்துவிட்டது. கருவி செத்தது. மேரி வாசலிலேயே நின்றாள். நான் வாய் திறப்பதற்குள் சாரதாம்பாள், "உள்ள வாம்மா, இன்னிக்கு மேடத்துக்கு வாயில பல்வலி" என்று கூட்டி வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரவல் கருவி ஒன்று கொடுத்தேன்.

14 ஜூன், திங்கள்

பள்ளிகள் திறந்துவிட்டன. ஜெனிட்டா எங்கும் சேரவில்லை. பீரோவில் போன அந்த ஐந்து மாதத்தை யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. அவளுக்கும்தான்.

இன்று வந்தாள். வயரில் இரண்டு முடிச்சு, பெட்டியில் மணல், அச்சில் மஞ்சளாகக் குறும்பி, நாற்றம் வேறு. கடுப்பாகத்தான் இருந்தது. மேரி, "கயட்டவே வுட மாட்றா, எப்டி கய்வறது?" என்றாள். செல்லை எடுத்துப் பார்த்தேன். 3/6, மேரியின் கோணல் எழுத்து. தீர்ந்துபோயிருந்தது.

அச்சைக் கழுவுவதற்காகக் கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஜெனிட்டா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அச்சின் துளையைச் சுத்தம் செய்யச் சாரதாம்பாளிடம் ஊசி கேட்டுக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. மறுபடி இழுத்தாள்.

"தா" என்றாள்.

அழுக்கோடு அப்படியே, புதுச் செல் மட்டும் போட்டு, மாட்டிவிட்டேன். இரண்டு இருபது ரயில் தூரத்தில் வந்துகொண்டிருந்தது, நாற்காலி இன்னும் அதிரவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.